குடையா, கொடையா? குழந்தைகளின் தமிழ் எழுத்துப் பிழைக்கு என்ன காரணம்? வீட்டிலேயே சரிசெய்வது எப்படி?

இரண்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளையின் நோட்டைத் திறந்தால் பக்கம் முழுக்கச் சிவப்பு வட்டம். 'குடை' என்பதற்குக் 'கொடை'. 'இலை' என்பதற்கு 'எலை'. 'வாழைப்பழம்' 'வாளப்பளம்' ஆகியிருக்கிறது. 'காற்று' 'காத்து' ஆகியிருக்கிறது. ஒவ்வொன்றையும் பத்து தடவை எழுதி வரணும் என்று கீழே ஒரு குறிப்பு.

பிள்ளை அழுதுகொண்டே எழுதி முடிக்கிறது. அடுத்த வாரம் மறுபடியும் 'எலை' என்றே எழுதுகிறது.

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் இந்தக் காட்சி நடக்காத தெரு இருக்காது. "கவனமே இல்லை" என்று வீட்டில் திட்டு விழும். ஆனால் இந்த நாலு பிழையிலும் கவனக்குறைவு என்று எதுவும் இல்லை. வீட்டில் காதில் விழுந்ததை அந்தப் பிள்ளை அப்படியே எழுதியிருக்கிறது. வீட்டில் யாருமே 'இலை' என்று சொல்வதில்லை, 'எல' என்றுதான் சொல்கிறார்கள்.

குழந்தையின் ஒவ்வொரு எழுத்துப் பிழைக்கும் ஒரு காரணம் உண்டு. காரணத்துக்குத் தகுந்தபடி மருந்தும் மாறும். அது என்ன, எப்படி என்று பார்க்கலாம்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்?

மூன்றாம் வகுப்பு வரை வாசிக்கப் பழகுவதே ஒரு பாடம். நான்காம் வகுப்பிலிருந்து நிலைமை மாறுகிறது. அறிவியல், சமூக அறிவியல், கணக்கில் வரும் வாக்கியக் கணக்கு என எல்லாவற்றையும் வாசித்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். வாசிக்கத் திணறும் பிள்ளை அங்கே எல்லாப் பாடத்திலும் சேர்ந்து பின்தங்குகிறது. வாய்திறந்து சொல்லவும் தெரியாது, அமைதியாகக் கடைசி வரிசைக்குப் போய்விடும்.

'அசர்' என்ற ஆய்வு ஊரகப் பகுதிகளில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பார்க்கிறது. எழுத்து, சொல், ஒரு சிறு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான ஒரு கதை என்று படிப்படியாகக் கொடுப்பார்கள். தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் அந்தக் கதையை வாசிக்க முடிந்தவர்கள் 2018ல் 40.7 சதவீதம். கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2022ல் அது 25.2 சதவீதமாகக் குறைந்தது.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின் இதைத் தொடங்கி வைத்தார். 2025க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளும் பொருள் புரிந்து வாசிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்பது இலக்கு. முதலில் 1 முதல் 3ம் வகுப்பு வரை வந்தது. 2023-24ல் 4, 5ம் வகுப்புகளுக்கும் விரிந்தது.

இந்தத் திட்டத்தில் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதைவிட, என்ன தெரியும் என்பதை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பிரிக்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்தில் தடுமாறினால், எழுத்திலிருந்தே பாடம் தொடங்கும். வீட்டில் சொல்லிக்கொடுக்கும் பெற்றோருக்கும் முதல் பாடம் இதுதான். வகுப்பைப் பார்க்காதீங்க, பிள்ளை எங்கே நிற்குதுன்னு பாருங்க.

பிழை 1: பேசுவது ஒன்று, எழுதுவது வேறு

சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளிக் கிழங்குக்குக் 'குச்சிக்கெழங்கு' என்றுதான் பெயர். கிழங்கு எப்படிக் கெழங்கு ஆனது? இதற்குப் பின்னால் ஓர் ஒழுங்கு இருக்கிறது.

சொல்லின் முதல் எழுத்தில் இகரமோ உகரமோ வந்து, அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ வந்தால், பேச்சில் இகரம் எகரமாகும், உகரம் ஒகரமாகும்.

• இலை – எல, விலை – வெல, இடம் – எடம், நிலம் – நெலம்
• குடை – கொட, புகை – பொக, முகம் – மொகம், உடம்பு – ஒடம்பு

'கிளி', 'குருவி', 'பிள்ளை' மாறுவதில்லை, கவனிச்சீங்களா? கிளியிலும் குருவியிலும் அடுத்த எழுத்தில் அகரம் இல்லை. பிள்ளையில் நடுவில் ஒரு மெய் கூடுதலாக நிற்கிறது. இது கொங்குப் பகுதிக்கு மட்டுமான பழக்கமும் இல்லை, தமிழ்நாடு முழுக்கப் பேச்சு இப்படித்தான் போகிறது.

இதே மாதிரி இன்னும் சில இருக்கின்றன. பேச்சில் வரும் 'த்த' பல இடங்களில் எழுத்தில் 'ற்ற' ஆகும்: காத்து – காற்று, நேத்து – நேற்று. பேச்சில் 'ஒண்ணு', எழுத்தில் 'ஒன்று'. பேச்சில் 'பாலு', எழுத்தில் 'பால்'.

மருந்து என்ன? 'எலை' தப்பு என்று மட்டும் சொன்னால் பிள்ளை குழம்பும். "அம்மா, நீங்களும் எலன்னு தானே சொன்னீங்க?" என்று கேட்கும். அந்தக் கேள்வி நியாயமானது. "பேசும்போது எல, எழுதும்போது இலை" என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சொல்லணும். நோட்டில் நடுவில் ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் 'நாம பேசுவது', வலப்பக்கம் 'நாம எழுதுவது' என்று ஒரு பட்டியல் தொடங்கலாம். பத்துச் சொல் சேர்ந்தால் அந்த ஒழுங்கைப் பிள்ளையே பிடித்துவிடும். 'வெல' வந்தால் 'விலை' என்று தானே எழுதும்.

பேச்சு தப்பு, எழுத்துதான் சரி என்று மட்டும் சொல்ல வேண்டாம். வீட்டில் பேசும் தமிழைத் தப்பு என்றால், பிள்ளை வகுப்பில் வாய்திறக்கவே கூச்சப்படும்.

பிழை 2: ல, ள, ழ

காவிரிக் கரையில் பரமத்தி வேலூர் பக்கம் வாழைத் தோட்டம் பார்த்து வளரும் பிள்ளைகூட 'வாளப்பளம்' என்று எழுதுவது உண்டு. காரணம் எளிது. பேச்சில் ழகரம் ளகரமாகவே பல வீடுகளில் வருகிறது. காதில் கேட்காத வேறுபாடு கையில் எப்படி வரும்?

இங்கே பத்து தடவை எழுதுவது வேலைக்கு ஆகாது. முதலில் நாக்கைப் பழக்கணும்.

• ல: நாக்கு நுனி மேல்பல்லின் பின்பக்கம் தொடும்.
• ள: நாக்கு நுனி மடங்கி மேலண்ணத்தைத் தொடும்.
• ழ: நாக்கு மடங்கும், ஆனால் எங்கும் தொடாது.

கண்ணாடி முன் நின்று மூன்றையும் சொல்லிப் பார்க்கச் சொன்னால் பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. அதற்குப் பிறகு ஜோடிச் சொற்கள்: பல்லி – பள்ளி, வலி – வழி, கிளி – கிழி, பலம் – பழம். பெரியவர் ஒன்றைச் சொல்ல, பிள்ளை சரியான படத்தைத் தொட வேண்டும். காது பழகிய பிறகு எழுதச் சொன்னால் பிழை தானாகக் குறையும்.

பிழை 3: ர, ற மற்றும் ண, ந, ன

இந்தக் கதை வேறு. ந, ன இரண்டும் இன்றைய பேச்சில் ஏறக்குறைய ஒரே ஒலி. ர, ற இரண்டும் 'அரை', 'அறை' போன்ற சொற்களில் பெரும்பாலானோர் வாயில் ஒன்றாகவே வருகின்றன. எனவே "நல்லா உச்சரிச்சா சரியா எழுதலாம்" என்ற அறிவுரை இங்கே பாதிதான் உதவும். இங்கே கைகொடுப்பது எழுத்துகளின் நட்பு.

ஒவ்வொரு மெல்லினத்துக்கும் ஒரு வல்லினத் தோழன் உண்டு. இலக்கணத்தில் இதை இன எழுத்து என்பார்கள்.

• ங் – க: சங்கு
• ஞ் – ச: பஞ்சு
• ண் – ட: வண்டி
• ந் – த: பந்து
• ம் – ப: பாம்பு
• ன் – ற: கன்று

'வண்டி'யில் எந்த ண என்று இனி மனப்பாடம் செய்ய வேண்டாம். பக்கத்தில் ட இருக்கிறதா, அப்போ ண்தான். த இருந்தால் ந்தான். ற இருந்தால் ன்தான். அவ்ளோதான்.

இன்னும் இரண்டு விதி போதும். சொல்லின் முதலில் வருவது ந மட்டுமே, ண, ன அங்கே வராது. இரட்டித்து வருவது ற மட்டுமே (காற்று, வெற்றி), தமிழில் ர இரட்டிக்காது. மீதியுள்ள அரை – அறை, மனம் – மணம், கரி – கறி போன்ற சொற்களை வாக்கியத்தோடுதான் பழகணும். 'கறிக்குழம்பு', 'அடுப்புக்கரி' என்று சேர்த்துச் சொன்னால் மனதில் நிற்கும். தனிச்சொல்லாக எழுதவைத்தால் நிற்காது.

247 எழுத்தா? பயப்பட வேண்டாம்

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. மொத்தம் 247. கேட்டதும் பெற்றோருக்கே மலைப்பாக இருக்கும். ஆனால் பிள்ளை தனித்தனியாகப் பழக வேண்டியது 31 எழுத்தும் சில குறிகளும்தான். கால், கொம்பு, கொக்கி எங்கே சேரும் என்று பிடிபட்டால் மீதி எல்லாம் கூட்டல் கணக்கு. உகர, ஊகார வரிசை மட்டும் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும் (கு, டு, து, பு). அதற்குக் கூடுதல் நாள் கொடுக்கணும்.

அ, ஆ, இ என்ற வரிசையிலேயே தொடங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ட, ப, ம போன்ற எளிய வடிவங்களில் தொடங்கினால் மூன்றாம் நாளே 'படம்', 'பட்டம்', 'மடம்' என்று முழுச் சொல் எழுத வரும். இந்த வழி நம்ம ஊர்ப் பள்ளிகளுக்குப் புதிதல்ல. 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08ல் மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றலிலும் அட்டை அட்டையாக, எளிதிலிருந்து கடினத்துக்குப் போவதே முறை.

அவசரமும் வேண்டாம். நம் மொழியைப் போலவே உயிர்மெய் எழுத்துமுறை கொண்ட கன்னடத்தை வைத்து சொனாலி நாக் 2007ல் வெளியிட்ட ஆய்வு, இவ்வகை எழுத்துகள் முழுதாகப் பிடிபட நான்காம் வகுப்பு வரைகூட ஆகலாம் என்று காட்டியது. ஆங்கிலத்தின் 26 எழுத்தோடு ஒப்பிட்டு, "இங்கிலீஷ் ஒரு மாசத்துல வந்துடுச்சு, தமிழ் வரலையே" என்று கவலைப்படுவது சரியான ஒப்பீடு இல்லை.

இலக்கணம் எப்போது சொல்லித் தரணும்?

ஏழு வயதுப் பிள்ளையிடம் 'எழுவாய், பயனிலை' என்று சொன்னால் பெயர் மனப்பாடம் ஆகும், இலக்கணம் வராது. பெயர் பிறகு வரட்டும், முதலில் பழக்கம் வரணும். மூன்று விளையாட்டுகள் போதும்.

ஒன்று, பல: ஒரு முட்டை, பல முட்டைகள். ஒரு பூ, பல பூக்கள். ஒரு மரம், பல மரங்கள். ஒரு கல்? பல கற்கள். நாமக்கல் கோட்டை நிற்பதே ஒரே பாறை மேல்தானே, அதைக் காட்டியே இதைச் சொல்லலாம்.

நேற்று, இன்று, நாளை: நேற்று படித்தேன், இன்று படிக்கிறேன், நாளை படிப்பேன். வினைச்சொல்லை மாற்றி மாற்றி வாயால் சொன்னால் காலம் பிடிபடும்.

யார் வந்தது: அவன் வந்தான், அவள் வந்தாள், மாடு வந்தது, மாடுகள் வந்தன. பேச்சில் 'மாடுங்க வந்துச்சு' என்போம். அதனால் 'மாடுகள் வந்தது' என்று எழுதுவது மிகப் பொதுவான பிழை. இதுவும் பேச்சு – எழுத்து பட்டியலில் சேரும்.

ஒற்று மிகுவதும் இப்படியே. 'கோழிப்பண்ணை', 'மரவள்ளிக் கிழங்கு' என்று சத்தமாகச் சொல்லும்போதே ப், க் காதில் கேட்கும். மூன்றாம் வகுப்பில் விதி தேவையில்லை, சத்தமாக வாசித்தல் போதும். ஒற்று பொருளையே மாற்றும் என்பதற்கு ஓர் உதாரணம் சொன்னால் பிள்ளை மறக்காது: 'வேலை கொடு' என்றால் வேலை கேட்கிறோம், 'வேலைக் கொடு' என்றால் வேல் கேட்கிறோம்.

சொல்வளம்: ஊரே ஒரு பாடநூல்

சொற்களைத் தேடி வெளியே போக வேண்டாம். குமாரபாளையம், பள்ளிபாளையம் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குத் தறி, பாவு, நாடா, தார் எல்லாம் தெரியும். நாமக்கல் பண்ணை வீட்டுப் பிள்ளைக்குத் தீவனம், கூண்டு, குஞ்சு தெரியும். லாரிப் பட்டறைத் தெருப் பிள்ளைக்கு வேறு பத்துச் சொல் தெரியும். வாயில் ஏற்கெனவே இருக்கும் சொல்லை எழுத்தில் பார்த்தால் பிள்ளைக்கு ஒரு சந்தோஷம் வரும். அங்கிருந்து புதுச் சொல்லுக்குப் போகலாம்.

ஊர்ச் சொல்லுக்குப் பொதுத்தமிழ்ச் சொல்லையும் ஜோடியாகச் சேர்க்கலாம். ஒடக்கான் – ஓணான், பொடக்காலி – புழக்கடை, வட்டல் – தட்டு. ஒரு சொல் இரண்டாகிறது, எதுவும் குறையவில்லை.

பஸ் நிலையத்தில் காத்திருக்கும் நேரமும் பாடம்தான். ஓமலூரில் ல, பள்ளிபாளையத்தில் ள, வாழப்பாடியில் ழ. சேந்தமங்கலத்தில் ந்த. ஏற்காட்டில் ற், சேர்வராயன் மலையில் ர். முன்னால் போகும் லாரியின் பின்புறம் 'ஒலி எழுப்பவும்' என்று இருந்தால், "இது எந்த லி? லாரி விளக்குக்கு எந்த ளி?" என்று ஒரு கேள்வி போடலாம்.

வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைகள்

இந்த இரண்டு மாவட்டங்களிலும் தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. வேலைக்காக வந்த வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளும் பள்ளிகளில் சேர்கிறார்கள். இவர்கள் செய்யும் பிழை வேறு மாதிரி இருக்கும். இந்தியில் ka, ga ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து உண்டு. தமிழில் 'கடல்', 'பகல்', 'தங்கம்' மூன்றிலும் ஒரே க, ஆனால் ஒலி மூன்று. ழகரம் இன்றைய தெலுங்கிலும் கன்னடத்திலும் இல்லை, இந்தியிலும் இல்லை.

இந்தப் பிள்ளைகளுக்குப் பேச்சுத்தான் முதல் படி. கதை கேட்பது, பாடுவது, விளையாடுவது எல்லாம் தமிழில் நடந்த பிறகே எழுத்து. பேசத் தெரியாத மொழியில் எழுத்தை மட்டும் திணித்தால், அர்த்தம் தெரியாமல் படம் வரைவது போல எழுதும்.

ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?

நாமக்கல் என்றாலே பிளஸ் டூ மதிப்பெண்ணுக்குப் பேர்போன தனியார் பள்ளிகள் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் தமிழ் கற்றல் சட்டம், 2006ன்படி தமிழ் ஒரு கட்டாயப் பாடம். ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுதோறும் அடுத்தடுத்த வகுப்புக்கு விரிந்து பத்தாம் வகுப்புவரை வந்தது. பத்தாம் வகுப்பில் ஒற்றுப்பிழைக்கு டியூஷன் தேடும் பிள்ளைக்கு, அந்தப் பிழை தொடங்கிய இடம் இரண்டாம் வகுப்பு நோட்டு.

பத்து தடவை எழுதினால் வராதா?

கையெழுத்து அழகாக வரலாம். பிழை போகாது. மூன்றாவது தடவையிலிருந்து கை மட்டும் ஓடும், மனம் ஓடாது. முதல் வரியில் பிழையாக எழுதினால் பத்து வரியும் பிழையாகவே போகும், பிழையே பழக்கமாகும். அடியைப் பற்றிப் பேசவே வேண்டாம். 2009ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17வது பிரிவு, பிள்ளைகளுக்கு உடல் தண்டனை தருவதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது.

அதற்குப் பதிலாக: சொல்லைப் பார், மூடு, நினைவிலிருந்து எழுது, திறந்து சரிபார். ஒரு சொல்லுக்கு இரண்டு தடவை போதும். மறுநாள் ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை. ஒரே நாளில் பத்தைவிட, இப்படி இடைவெளி விட்டு எழுதுவதே மனதில் நிற்கும்.

வீட்டில் தினமும் 15 நிமிடம்

தறி ஷிப்ட் முடிந்து வரும் அப்பாவோ, பண்ணை வேலை முடிந்து வரும் அம்மாவோ செய்யக்கூடியது இவ்வளவுதான்.

• 5 நிமிடம்: பிள்ளை சத்தமாக வாசிக்கட்டும். பாடநூல், காலண்டர், மளிகைக் கடைப் பை, எதுவானாலும் சரி. வாசிக்கத் தெரியாத பெற்றோரும் கேட்கலாம். "என்ன கதை, எனக்குச் சொல்லு" என்று கேட்டாலே போதும்.
• 5 நிமிடம்: அன்று நடந்ததைப் பற்றிப் பிள்ளை தானாக இரண்டு வாக்கியம் எழுதட்டும். பிழை இருந்தாலும் முதலில் என்ன சொல்ல வருகிறது என்று வாசியுங்கள்.
• 5 நிமிடம்: ஒரே ஒரு வகைப் பிழையை மட்டும் எடுங்கள். இந்த வாரம் ழ என்றால் ழ மட்டும். மீதிப் பிழைகள் அடுத்த வாரம் வரை காத்திருக்கும்.

பக்கம் முழுக்கச் சிவப்பு வட்டம் போட்டால், அடுத்த நாள் பிள்ளை தெரிந்த நாலு சொல்லை மட்டுமே எழுதும். பிழை குறையும், எழுத்தும் சேர்ந்தே குறையும்.

எப்போது கவலைப்படணும்?

எட்டு வயதுக்குப் பிறகும் தெரிந்த எழுத்தையே அடிக்கடி மறப்பது, எழுத்தைத் திருப்பிப் போடுவது, வாயால் நன்றாகப் பதில் சொல்லிவிட்டு எழுதும்போது மட்டும் தவிப்பது எல்லாம் தொடர்ந்தால், அது சோம்பல் இல்லை. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்க வேண்டும். அதில் குறை இல்லை என்றால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கணும். வகுப்பு ஆசிரியர் மூலம் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரை அணுகலாம். சீக்கிரம் தெரிந்தால் பயிற்சியால் நல்ல முன்னேற்றம் கிடைக்கும்.

மற்றபடி, இன்று ராத்திரி நோட்டைத் திறக்கும்போது 'எலை' என்று கண்ணில் பட்டால், சிவப்புப் பேனாவைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். காதில் கேட்டதைச் சரியாகவே எழுதத் தெரிந்த பிள்ளை அது. அதற்குத் தெரியாதது, எழுத்துத் தமிழ் வீட்டுப் பேச்சிலிருந்து எங்கே விலகுகிறது என்பது மட்டும்தான். அதைச் சொல்லிக் கொடுக்கத்தான் நாம் இருக்கிறோம்.